மடையன் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன கிழமை தரம் 7 பையன் ஒருவன் கணக்குப் பாடத்தில் ஆசிரியரைப் பார்த்து, "பின்னத்தை வகுக்கும்போது ஏன் சேர் தலைகீழாக்கிப் பெருக்கணும்?" என்று கேட்டிருக்கிறான். விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டதில் சேருக்குக் கோபம் வந்து, "மடையா, சொன்னதைச் செய்" என்று ஏசிவிட்டார். பையனின் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி நேரே அதிபரிடம் வந்து முறையிட்டார். அதன்பிறகு ஆசிரியர் அறையில் அந்தச் சேர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். வெள்ளக் காலத்தில் குளத்துக்குள் மூழ்கி மடையைத் திறந்து, உயிரையும் கொடுத்த வீரர்கள்தான் மடையர்களாம். ஆகவே அது ஏச்சே இல்லையாம், பெருமையாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பெருமைதான் என்றால் அந்தச் சேர் நாளைக் காலை அதிபரை "வாங்க மடையரே" என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

அந்தச் செய்தி எனக்கும் வந்தது. மழை பிடித்தால் அதுவும் கூடவே வந்துவிடும். முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. பழைய ஏரிகள் சிலவற்றில் தூம்பு, அதாவது தண்ணீரைத் திறந்துவிடும் மடை, கரையை விட்டுத் தள்ளித் தண்ணீருக்குள் இருக்கும். அடைப்பைத் தூக்க ஆள் நீந்திப் போகவேண்டும், மூழ்கவும் வேண்டும். ஆபத்தான வேலைதான். ஆனால் அந்த வேலைக்காரர்களுக்கு ஊர் வைத்த பெயர்கள் வேறு. தென் தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, நீராணிக்கர், மடைக்குடும்பன் என்பார்கள். இங்கே மட்டக்களப்புப் பக்கம் வயல் தண்ணீரைப் பார்ப்பவர் வட்டை விதானை. இவர்களை மதிக்க வேண்டுமானால் இவர்களுடைய சொந்தப் பெயரைச் சொல்லியே மதிக்கலாமே.

சமையற்காரனுக்கும் மடையன் என்று பெயர் உண்டு. மடை என்றால் சோறு, படையல். கோயிலில் மடைப்பள்ளி இருக்கிறதல்லவா, அதே மடைதான். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இந்த மடையனையும் நாம் ஏசுகிற மடையனையும் தனித்தனிச் சொல்லாகவே வைத்திருக்கிறது. நம்முடைய ஆள் பிறந்தது மடையிலிருந்து அல்ல, மடம் என்ற சொல்லிலிருந்து. மடம் என்றால் அறியாமை. "விருந்தோம்பல் ஓம்பா மடமை மடவார்கண் உண்டு" என்று குறள் (89) சொல்வது இந்த மடவாரைத்தான்.

வேடிக்கை இந்த மடத்தில்தான் இருக்கிறது. "அச்சமும் நாணும் மடனும்" பெண்ணுக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். பெண்ணிடம் இருந்தால் அது குணமாம். மயிலுக்குக் குளிரும் என்று போர்வையைக் கொடுத்த பேகனைப் பரணர் பாடுகிறார் (புறநானூறு 142): குளத்திலும் வயலிலும் பெய்து உவர்நிலத்திலும் பெய்கிற மழையைப்போல, யாருக்குக் கொடுப்பது என்று பாராமல் கொடுப்பவன், கொடைமடம் படுவான், படைமடம் படான். அதாவது கொடுப்பதில் மடமை காட்டுவான், போரில் காட்டமாட்டான். தலைவனிடம் இருந்தால் புகழ். அதே மடம் கூலிக்காரனிடம் இருப்பதாகச் சொன்னால் மட்டும் "மடையா". (மடச்சாம்பிராணி என்றும் சொல்கிறோம். வாசனையாகப் புகைந்ததைத் தவிர அந்தச் சாம்பிராணி என்ன குற்றம் செய்தது!)

நம் மலைகளில் இந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தொடங்கி அந்தி வரை அது மேலிருந்து கீழேதான் வரும். துரை கணக்கப்பிள்ளையை, கணக்கப்பிள்ளை கங்காணியை, கங்காணி ஆட்களை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தராசு முள் 19 கிலோவில் நின்றது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழித்து 16 என்று எழுதினார் கணக்கப்பிள்ளை. 18 எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்ற தோட்டம் அது, ஆகவே அரைப்பேர். "ஐயா, இன்னிக்கு வெயில்தானே, எலை காஞ்சுதானே இருக்கு" என்றார் அந்த அக்கா. "மடச்சி, ஒனக்குக் கணக்குத் தெரியுமா?" என்றார் அவர். கணக்குத் தெரியாதவளாக இருந்திருந்தால் அந்த ஏச்சு விழுந்தே இருக்காது. வெளியூர் போனால் அதே அக்கா "தோட்டக்காட்டாள்" ஆகிவிடுவார். அதைச் சொல்கிறவர்களும் தமிழர்கள்தான். மடைச்சி என்பதைவிட அது மோசம், ஏனென்றால் அதில் ஒரு சமூகத்தையே சேர்த்து முட்டாளாக்கியாகிறது.

உங்கள் சேருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது. மடம் என்றால் என்ன என்பதற்கு உரைகாரர்கள் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார்கள்: "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை". ஒருவர் அறிவுறுத்தியதை அப்படியே பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது. தலைகீழாக்கு என்றதும் ஏன் என்று கேட்காமல் தலைகீழாக்கிய மற்றப் பிள்ளைகளுக்குத்தான் இது பொருந்துகிறது. அந்தச் செய்தியைப் பார்த்துத் தலையாட்டியவர்களுக்கும் கொஞ்சம் பொருந்தும், கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்ட பையனுக்குப் பொருந்தவே இல்லை.

அவனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் கணக்கு டீச்சர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றை அரையால் வகு என்றால், மூன்று ரொட்டியில் எத்தனை அரை ரொட்டி இருக்கிறது என்றுதான் கேள்வி. ஒவ்வொரு ரொட்டியையும் பிய்த்து அவனையே எண்ணச் சொல்லுங்கள். ஒரு ரொட்டிக்கு இரண்டு, மூன்றுக்கு ஆறு. அரையால் வகுப்பது எப்படி இரண்டால் பெருக்குவதாக மாறுகிறது என்று அவனே சொல்லிவிடுவான். பிறகு கால் ரொட்டிக்குப் போங்கள்.