அடுத்த வீட்டு நாய் நம்மட பொறுப்புல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து வீட்டு அக்காவும் குடும்பமும் மகள்ட கலியாணத்துக்கு கனடா போயிட்டாங்க, வர ஒரு மாசம் ஆகும். அவங்கட நாயை எங்கட வளவுக்குள்ள கொண்டு வந்து கட்டி வச்சிருக்கம். முட்டை, கோழி, கொத்து ரொட்டி எண்டு எல்லாம் வச்சுப் பாத்தாச்சு, நேத்துல இருந்து ஒண்டுலயும் வாய் வைக்குதில்ல, படலையப் பாத்துக்கிட்டே கிடக்கு. என்ன செய்ற?
(கல்லாறு வாசகி)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் கொத்து ரொட்டிய நிப்பாட்டுங்க. அதுல அள்ளிப் போடுற வெங்காயம் நாய்க்கு ஆகவே ஆகாது, ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவ உடைக்கும், சமைச்சாலும் அந்த நஞ்சு போகாது. கோழி குடுத்தாலும் சமைச்ச எலும்ப எடுத்துப்போட்டுக் குடுங்க, அது ஊசி மாதிரி உடைஞ்சு குடல்ல ஏறும்.

இனி விசயத்துக்கு வாறன். அந்த நாய்க்கு உங்கட சாப்பாட்டுல குறை இல்ல. அதுட ஆக்களும் போயிட்டாங்க, படுத்த இடமும் போயிட்டு, மணமும் போயிட்டு, எல்லாம் ஒரே நாள்ல. நீங்க பக்கத்து வீடுதானே, அப்ப ஏன் உங்கட வளவுல கட்டுறீங்க, கேட்டெல்லாம் வடிவாப் பூட்டுப்படுமெண்டா அதுட வீட்டு விறாந்தையிலயே விடுங்க, நீங்க நேரத்துக்கு நேரம் போய்ப் பாருங்க. மனிசரை விட்டாலும் இடத்தையாவது விட்டுக் குடுக்காம இருக்கலாம்தானே.

மறுகா அக்காக்கு வாட்ஸ்அப்ல ஒரு வொய்ஸ் போட்டுக் கேளுங்க. என்ன சாப்பாடு எண்டு மட்டும் கேட்டாப் போதாது, எத்தனை மணிக்கு, ஆர் வைக்கிற, எந்தக் கோப்பையில, வீட்டுல எந்தப் பக்கம் வச்சு, இதெல்லாம் கேக்கணும். நம்ம பக்கத்து நாய் கனக்க சோத்துல மீனாணம் ஊத்திப் பிசைஞ்சு திண்டு வளந்தது, பின்னேரம் ஆறு மணிக்கு குசினி வாசல்ல அந்தச் சோறு வந்தாத்தான் அதுக்கு நாள் சரியா முடியும். நீங்க பதினொரு மணிக்கு முட்டையும் ரெண்டு மணிக்கு இறைச்சியும் எண்டு மாத்தி மாத்தி வச்சா அது குழம்பும், திண்டாலும் வயித்தால போகும். பழகின சாப்பாட்ட பழகின நேரத்துல வைங்க, இருபது நிமிசம் பாருங்க, திங்காட்டி எடுத்துருங்க, பக்கத்துல குந்தியிருந்து கெஞ்ச வேணாம். தண்ணி மட்டும் எந்த நேரமும் இருக்கணும்.

வளந்த நாய் தண்ணி குடிச்சிக்கிட்டு ஒண்டு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா பயப்பட ஒண்டுமில்ல, குட்டியெண்டா அவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருக்கப்படாது. மேல் உதட்டத் தூக்கி முரசப் பாருங்க, விரலால அமத்தி எடுத்தா வெள்ளையாகி ரெண்டு செக்கனுக்குள்ள திரும்ப ரோசாக் கலர் வரணும். சும்மாவே வெளிறிக் கிடந்தாலோ, சத்தி எடுத்தாலோ, தண்ணியும் குடியாட்டியோ அண்டைக்கே மிருக வைத்தியருக்கிட்ட கொண்டு போங்க. காதுக்குள்ளயும் விரலிடுக்குலயும் உண்ணி இருக்கா எண்டும் பாருங்க, உண்ணிக் காய்ச்சல் வந்த நாயும் இப்பிடித்தான் திங்காம சுருண்டு கிடக்கும், அத நாம கவலை எண்டு நினைச்சிருவம்.

அக்கா உடுத்து தோய்க்காத சட்டை ஒண்டு இருந்தா படுக்கிற இடத்துல போட்டு விடுங்க. வீடியோ கோல் எடுத்து நாய்க்கு முகம் காட்டுறது அக்காக்குத்தான் ஆறுதல், சில நாய் அந்தக் குரலக் கேட்டுட்டு வீடு முழுக்க ஓடி ஓடித் தேடும். உங்கட நாய் அப்பிடித் தேடினா வேணாம்.

கேள்வி: கூட வேலை செய்ற கூட்டாளி ஆலையடிவேம்பு ஆள், குடும்பத்தோட நாலஞ்சு நாள் யாழ்ப்பாணம் போறான், நாய்க்கு சாப்பாடு வைக்கச் சொல்லிக் கேக்கிறான். நான் முஸ்லிம், நாயோட பழக்கமே இல்ல, எச்சில் பட்டா கழுவுற விசயமும் இருக்கு, பயமும் இருக்கு. ஏலாது எண்டு சொல்லவும் மனசு வருதில்ல.
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: காக்கா, தாகத்தோட நிண்ட நாய்க்கு ஒரு மனிசன் கிணத்துக்குள்ள இறங்கி சப்பாத்துல தண்ணி மொண்டு குடுத்த ஹதீஸ் உங்களுக்குத் தெரியாம இரிக்காது. கழுவுற சட்டத்த உங்கட மௌலவியிட்டக் கேளுங்க, அது என்ட வேலை இல்ல. நாய்ட பக்கத்த மட்டும் நான் சொல்றன், அதத் தொடவே தேவையில்ல. சொல்லப்போனா பழக்கமில்லாத ஆள் வந்த உடனே தலையத் தடவி கொஞ்சுறது நாய்க்கும் பிடிக்காத விசயம், அந்த வகையில உங்கள மாதிரி எட்ட நிக்கிற ஆள்தான் அதுக்கு வசதி.

கூட்டாளி போக முந்தி ரெண்டு மூணு பின்னேரம் அவனோட போங்க. முதல்ல அவன் சோறு வைக்கட்டும், நீங்க சும்மா நில்லுங்க, அடுத்த நாள் நீங்க வைங்க, அவன் நிக்கட்டும். கோப்பைய வேலிக்கு உள்பக்கமா கிட்ட வைக்கச் சொல்லுங்க, நீங்க பையில கொண்டு போய் வேலிக்கு மேலால கொட்டலாம், ஹோஸ் பைப்பால கோப்பையக் கழுவி தண்ணியும் ஊத்தலாம். கண்ணுக்குள்ள பாக்காதீங்க, நேருக்கு நேர் குனியாதீங்க, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க. வாலாட்டினா சந்தோசம் எண்டும் நினைக்காதீங்க, உடம்பு விறைச்சு, வால் மேல நிமிந்து கிடுகிடுண்டு ஆடினா அது எச்சரிக்கை, பேசாம பின்னுக்கு வாங்க, ஓடப்படாது.

கேள்வி: அண்ணன்ட நாய் பகல் முழுக்க இளைக்குது, நாக்கு வெளிய. வருத்தமா?
(கல்லடி வாசகர்)

பதில்: எங்க கட்டியிருக்கீங்க எண்டு எழுதல்லயே. தகரக் கொட்டிலுக்குள்ள எண்டா உடனே அவிழ்த்து மர நிழலுக்கு மாத்துங்க, கச்சான் காத்து வீசுற மாசங்கள்ல தகரத்துக்குக் கீழ மனிசரே நிக்க ஏலாது. நம்மள மாதிரி அதுக்கு உடம்பெல்லாம் வேர்க்கிற இல்ல, பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மிச்சச் சூடெல்லாம் இளைச்சுத்தான் வெளிய போகணும். தள்ளாடினா, எச்சில் ஒழுகினா, விழுந்து கிடந்தா கிணத்துத் தண்ணிய உடம்பெல்லாம் ஊத்தி ஊத்தி விசிறிக்கிட்டே வைத்தியருக்கிட்ட கொண்டு ஓடுங்க. காய்ச்சல் எண்டு நினைச்சு பனடோல் குடுத்துறாதீங்க.

கேள்வி: மாமிட நாய் எங்கட வீட்டுல நிக்கிது, சோறு திங்கக்குள்ள மகள் கைய வச்சிட்டா, பல் லேசாப் பட்டு கீறல். ஊசி போட்ட நாய்தானே எண்டு மாமி சொல்றா, அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?
(வாழைச்சேனை வாசகி)

பதில்: போகணும், இத வாசிச்ச கையோட போங்க. சவக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவணும், மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒண்டும் அப்பக் கூடாது. மாமிட வாய்ப்பேச்சு காணாது, நாய்ட தடுப்பூசி காட் வேணும், கடைசியா எப்ப போட்ட எண்டு அதுலதான் இருக்கும், ஆஸ்பத்திரியிலயும் அதக் கேப்பாங்க. நாயை அடிச்சுக் கலைக்காதீங்க, கட்டி வச்சு 14 நாள் பாக்கணும், அது கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் டொக்டருக்கும் முடிவெடுக்க லேசு. விசர்நாய்க்கடி நோய் குணம் குறி காட்டின பிறகு பிழைக்கிறது இல்ல எண்டே சொல்லலாம், ஊசி அதுக்கு முந்தித்தான். நாய்ல கோவிக்கவும் வேணாம், திங்கிற இடத்துல கை வச்சா எந்த நாயும் உறுமும், அந்த உறுமலுக்கு நாம விலகினா கடி வரைக்கும் போகாது.

கேள்வி: வெளிநாடு போற ஆக்கள்ட நாய்களை காசுக்குப் பாத்துக் குடுக்கிற வேலை தொடங்க யோசிக்கிறன். இடம் இருக்கு. என்ன கவனிக்கணும்?
(களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: தம்பி, நல்ல யோசனை, ஆனா இடத்த விட காட் முக்கியம். பார்வோ எண்ட வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், ஊசி போடாத ஒரு குட்டி வந்து வயித்தால போயிட்டுப் போனா உங்கட வளவே பழுதாப்போகும், அதனால தடுப்பூசி காட் இல்லாத நாயை ஆர் கேட்டாலும் எடுக்காதீங்க, சொந்தக்காரனா இருந்தாலும்தான். பருவத்துல இருக்கிற பெட்டை நாயையும் எடுக்காதீங்க, அது மூணு கிழமை வரைக்கும் போகும், ஊர்க் கடுவன் முழுக்க உங்கட வேலியப் பிய்க்கும்.

காசு எவ்வளவு எண்டது உங்கட விருப்பம். ஆனா நாய்க்கு சுகமில்லாமப் போனா எந்த வைத்தியருக்கிட்ட கொண்டு போற, எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம், அவங்கட போன் வேலை செய்யாட்டி ஆர் முடிவு சொல்ற எண்டு ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வாங்கி வைங்க. மாரிக்குள்ள வெள்ளம் ஏறுற வளவெண்டா நாய்க்கூட்ட நிலத்துல வைக்காம சீமெந்துக் கல்லடுக்கி உயத்திக் கட்டுங்க, தீபாவளிக்கும் வருசப் பிறப்புக்கும் வெடி தொடங்க முந்தி எல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்துக் கதவச் சாத்துங்க, வெடிச் சத்தத்துல வெருண்டு ஓடின நாயைத் தேடிப் பிடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல.