விடிய விடிய ஓடும் சிமுலேஷன்: கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம், கேட் (CAD, கணினியில் டிசைன் வரையும்) மென்பொருளின் பின்னணியில் மணிக்கணக்கில் ஓடும் சிமுலேஷன் பற்றித்தான். டிசைன் பளுவைத் தாங்குமா என்று கணினியே கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் சிமுலேஷன், அப்படி ஒரு முறை ஓட்டுவது ஒரு ரன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட ரன் எதுவாக இருந்தாலும் அது பாதியில் நிற்கும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பல அதைச் சுற்றியே வருகின்றன.

கரும்பு ஏற்றும் டிரெய்லர்களுக்கு சேஸி டிசைன் செய்கிறேன். சிமுலேஷன் பின்னணியில் ஓடும்போது அதே மாடலைத் திறந்து மாற்றலாமா? கணக்கு கெட்டுவிடுமா?
(சாட்ஸ்வொர்த்)

பெரும்பாலும் கெடாது. ரன் தொடங்கும் நேரத்திலேயே மெஷ் (மாடலை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்த வலை), உலோகத்தின் பண்புகள், பளு எல்லாம் தனி ஃபைலாக எழுதப்பட்டுவிடும். கணக்குப் போடும் புரோகிராமான சால்வர் அதை மட்டும்தான் படிக்கிறது. நீங்கள் திரையில் தகட்டின் தடிமனை மாற்றுவது அதற்குத் தெரியாது.

ஆபத்து அதற்கு அப்புறம்தான். சாயங்காலம் 8 மி.மீ தகட்டுக்கு ரன் போட்டுவிட்டு, இரவு அதையே 10 மி.மீ ஆக்கி சேமித்துவிட்டால், காலையில் வரும் ஸ்ட்ரெஸ் (உள் அழுத்தம்) படம் 8 மி.மீ தகட்டுடையது, கையில் இருக்கும் டிராயிங் 10 மி.மீ உடையது. மென்பொருள் ஒரு சின்ன எச்சரிக்கைக் குறி காட்டும், அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. இரண்டையும் சேர்த்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அதனால் ரன் போடுமுன் மாடலை நகலெடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்து, அந்த நகலில் ரன் போடுங்கள். மாற்றங்களை மூல மாடலில் செய்யுங்கள்.

இன்னொன்று, உங்கள் சால்வர் தனி புரோகிராமாக ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். கேட் மென்பொருளுக்குள்ளேயே ஓடினால், அது ஹேங் ஆகும்போது ரன்னும் சேர்ந்து போய்விடும். ஃப்ரீகேட் என்ற இலவச கேட் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து இன்புட் ஃபைலை மட்டும் எழுதிக்கொண்டு, கால்குலிக்ஸ் சால்வரை டெர்மினலில் தனியாக ஓட்டலாம். ஃப்ரீகேட்டை மூடினாலும் கணக்கு பாட்டுக்கு ஓடும்.

8 கோர், 32 ஜிபி ரேம் உள்ள மெஷின். எல்லா கோரையும் சால்வருக்குக் கொடுத்தால் டிராயிங் வேலை செய்ய முடியவில்லை. குறைத்தால் ரன் இழுக்கிறது. என்ன செய்வது?
(ஃபீனிக்ஸ்)

6 கோர் கொடுங்கள், டாஸ்க் மேனேஜரில் சால்வரின் பிரையாரிட்டியை ஒரு படி இறக்குங்கள். நஷ்டம் நினைப்பதைவிடக் குறைவுதான். சாதாரண டெஸ்க்டாப்பில் 5, 6 கோருக்கு மேல் போனால் கோர்கள் ரேமிலிருந்து தரவு வரக் காத்துக்கொண்டு நிற்கும், வேகம் அதிகம் ஏறாது. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் கணக்கில் 16 என்று காட்டுவதை நம்பி 16 கொடுக்காதீர்கள்.

உங்கள் சிக்கல் கோரில் இல்லை, ரேமில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். சமன்பாடுகளை ஒரே மூச்சில் தீர்க்கும் டைரக்ட் சால்வர், ரேம் போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்க ஆரம்பித்தால் மொத்த மெஷினும் திணறும். சால்வரின் அவுட்புட் ஃபைலில் தேவைப்படும் மெமரி எவ்வளவு என்று இருக்கும், அதைப் பாருங்கள். கனமான திட உருவ மாடலாக இருந்தால் படிப்படியாக விடையை நெருங்கும் இட்டரேட்டிவ் சால்வருக்கு மாறுங்கள், ரேம் வெகுவாகக் குறையும். மெல்லிய தகடு மாடல்களில் அது சில சமயம் விடைக்கு வந்து சேராது, அங்கே டைரக்ட்தான் நல்லது.

லோட் ஷெடிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) குறைந்துவிட்டது, ஆனால் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று கரண்ட் இன்னும் போகிறது. 30 மணி நேர ரன் 26ஆவது மணியில் போனது. திரும்ப முதலிலிருந்து தானா?
(வெருலம்)

உங்கள் எரிச்சல் நியாயமானது. 2023இல் லோட் ஷெடிங்கின் ஆறாம் கட்டம் வரை போய்வந்த நமக்கு 2024 மார்ச் கடைசியில் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. ஆனால் லோட் ஷெடிங்குக்காவது அட்டவணை இருந்தது, செயலியைப் பார்த்து ரன்னை நிறுத்தி வைக்க முடிந்தது. இப்போதைய கட் சொல்லாமல் வருகிறது.

எந்த வகை ரன் என்பதைப் பொறுத்துத்தான் பதில். சாதாரண நேரியல் ஸ்டாட்டிக் கணக்கு என்றால் நடுவில் பிடித்துக்கொள்ள இடமே கிடையாது, முதலிலிருந்துதான். நான்லினியர் (நேரியல் அல்லாத கணக்கு), காலத்தோடு நகரும் கணக்கு, திரவ ஓட்டம் இவற்றில் ரீஸ்டார்ட், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு, நீங்கள் முன்பே கேட்டிருந்தால் மட்டும். அபாகஸ் ஸ்டாண்டர்ட் என்ற சால்வரில் ரீஸ்டார்ட் ஃபைல் எழுதச் சொல்லாவிட்டால் அது எழுதாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கரண்ட் போனபின் பழைய பூட்டு ஃபைல் (.lck) ஒன்று ஃபோல்டரில் கிடக்கும், அதை அழிக்காமல் மறுபடி தொடங்க விடாது.

திரவ ஓட்டத்துக்கான ஓப்பன்ஃபோமில் எத்தனை ஸ்டெப்புக்கு ஒரு முறை எழுத வேண்டும் என்று வைத்துவிட்டு, கடைசி இரண்டு சேமிப்புகளை மட்டும் வைத்திருக்கச் சொல்லலாம், டிஸ்க் நிறையாது. ஏன் இரண்டு? எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கடைசி ஃபோல்டர் அரைகுறையாக இருக்கும். அதை அழித்துவிட்டு முந்தையதிலிருந்து தொடங்குங்கள்.

இதை ஒத்திகை பார்க்காமல் நம்பாதீர்கள். பெரிய ரன் போடுமுன் பத்து நிமிடம் ஓடவிட்டு, நீங்களே சால்வரைக் கொன்றுவிட்டு, ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து எடுக்கிறதா? எடுத்தால் வீட்டுக்குப் போகலாம்.

யூபிஎஸ் (கரண்ட் போனால் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) பற்றியும் ஒரு வார்த்தை. முழு பளுவில் ஒரு வொர்க்ஸ்டேஷன் 400 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். சின்ன யூபிஎஸ் சில நிமிடங்கள்தான் தாங்கும். அந்த நிமிடங்களில் ரன்னை முறையாக நிறுத்த வேண்டும், அதற்கு யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை மெஷினில் செருகியிருக்க வேண்டும். பெட்டியோடு வந்த கேபிளைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். வீட்டில் 5 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தால், மற்ற பளு இல்லாதபோது பத்து மணி நேரம் போல ஓடும். கரண்ட் திரும்பி வரும் நேரத்து சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) மெஷினையே கெடுக்கும், அதனால் சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம்.

தைப்பூசக் காவடிக்காக வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். ஆபீஸ் மெஷினில் ரன் போட்டுவிட்டு வீட்டிலிருந்து ரிமோட்டில் பார்ப்பேன். போன முறை திங்கள் வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.
(லெனேசியா)

ரிமோட்டில் வெளியே வரும்போது டிஸ்கனெக்ட் கொடுத்தீர்களா, சைன் அவுட் கொடுத்தீர்களா? டிஸ்கனெக்ட் என்றால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். சைன் அவுட் என்றால் உங்கள் பெயரில் ஓடும் எல்லாம் மூடப்படும், சால்வரும் சேர்த்து. அது இல்லை என்றால் விண்டோஸ் அப்டேட் மெஷினை ரீஸ்டார்ட் செய்திருக்கும். கிளம்புமுன் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், ஸ்லீப்பை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வையுங்கள், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள். சர்வரிலிருந்து எடுத்துப் பகிரும் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் என்றால் வார இறுதியில் சர்வர் பராமரிப்பு உண்டா என்று ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மோதல் சிமுலேஷன், 0.1 வினாடி நிகழ்வு. முடிய ஒன்பது நாள் என்று காட்டுகிறது. பின்னணியில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதானா?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேண்டாம், உடனே நிறுத்துங்கள். ஒன்பது நாள் என்று காட்டுவது மெஷ்ஷில் கோளாறு இருப்பதற்கான அறிகுறி.

மோதலுக்குப் பயன்படும் எக்ஸ்ப்ளிசிட் முறை நேரத்தைச் சின்னச் சின்னத் துளிகளாகக் கடக்கும். அந்தத் துளியான டைம் ஸ்டெப்பைத் தீர்மானிப்பது மாடலிலேயே மிகச் சிறிய எலிமென்ட். அதை ஒலி அலை கடக்க எவ்வளவு நேரமோ, ஸ்டெப் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. எஃகில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5000 மீட்டர். 5 மி.மீ எலிமென்ட் என்றால் ஸ்டெப் ஒரு மைக்ரோ வினாடி, 0.1 வினாடிக்கு ஒரு லட்சம் ஸ்டெப். மாடல் முழுக்க 5 மி.மீ இருந்தும், ஒரு போல்ட் துளையின் ஓரத்தில் 0.3 மி.மீ அளவில் ஒரே ஒரு கீற்று எலிமென்ட் மாட்டிக்கொண்டால் ஸ்டெப் எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டும். உங்கள் ஒன்பது நாளில் எட்டு நாளுக்கு மேல் அந்தக் கீற்று ஒன்றே தின்கிறது என்றுகூட இருக்கலாம்.

மெஷ் தரப் பட்டியலை மிகச் சிறிய ஸ்டெப் முதல் வரிசைப்படுத்தி, மேலே உள்ள இருபது எலிமென்ட்களைப் பாருங்கள். கேட் ஜியோமெட்ரியில் ஒட்டாமல் விட்ட விளிம்புகள், எழுத்துப் பொறிப்பு, தேவையில்லாத ஃபில்லெட் (வளைத்த மூலை) இவைதான் வழக்கமான காரணம். நீக்கிவிட்டு மறுபடி மெஷ் போடுங்கள். மீதி ஒன்றிரண்டு இருந்தால் அவற்றுக்கு மட்டும் மாஸ் ஸ்கேலிங் (எடையைச் செயற்கையாகக் கூட்டி ஸ்டெப்பைப் பெரிதாக்குவது), கூடும் எடை மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

எலிமென்ட் அளவை எல்லா இடத்திலும் பாதியாக்கலாமா என்று தோன்றினால் அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. திட உருவத்தில் எலிமென்ட் எண்ணிக்கை 8 மடங்கு, ஸ்டெப் எண்ணிக்கை 2 மடங்கு, மொத்தம் 16 மடங்கு நேரம். முறியும் இடத்தில் மட்டும் நுணுக்குங்கள்.

டர்பனில் முதுகலை மாணவி நான். என் லேப்டாப் தாங்கவில்லை, பிப்ரவரி வெயிலில் தொட முடியாத அளவு சுடுகிறது. கிளவுட் வாங்கப் பணமும் இல்லை, அண்ணா.

சூடு ஏற ஏற லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் ரன் இன்னும் நீளும். அதில் போராட வேண்டாம் தங்கச்சி. கேப் டவுனில், அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் நடத்தும் தேசிய உயர்திறன் கணினி மையம் இருக்கிறது. 2016இல் லெங்காவ் என்ற பெரிய கிளஸ்டர் (பல கணினிகளை இணைத்த தொகுப்பு) அங்கே தொடங்கியது, நம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தலாம். உங்கள் மேற்பார்வையாளர் தன் பெயரில் ஆராய்ச்சித் திட்டத்தைப் பதிவு செய்தால் உங்களையும் பயனராகச் சேர்க்கலாம். இந்த வாரமே அவரிடம் பேசுங்கள்.

அங்கே கேட் திரை எதிர்பார்க்காதீர்கள். மாடல், மெஷ் எல்லாம் லேப்டாப்பில் தயார் செய்து, இன்புட் ஃபைலை அனுப்பி, வரிசையில் போட வேண்டும். உங்கள் வேலை திரவ ஓட்டம் என்றால் ஓப்பன்ஃபோமில் தொடங்குங்கள், லைசென்ஸ் தொல்லை இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் நேர வரம்பு உண்டு, அது முடிந்தால் ரன் வெட்டப்படும். வெருலம் வாசகருக்குச் சொன்ன ரீஸ்டார்ட் ஒத்திகையை முதல் ரன்னுக்கு முன்பே நீங்களும் பார்த்துவிடுங்கள்.