தனியார்மயமானதும் பிரிட்டன் மின்துறை ஏன் நிலக்கரியைக் கைவிட்டு எரிவாயுவுக்குத் தாவியது?

எரிவாயு மலிவாகக் கிடைத்தது என்பது பாதி பதில்தான். 1990-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மின்துறை பிரிக்கப்பட்டபோது உற்பத்தியின் பெரும்பங்கு நேஷனல் பவர், பவர்ஜென் என்ற இரண்டு நிறுவனங்களிடம் போனது. 12 வட்டார விநியோக நிறுவனங்களுக்கு இவற்றின் பிடியிலிருந்து தப்ப வேண்டியிருந்தது. மின்நிலையங்களில் எரிவாயு எரிக்க 1975 முதல் இருந்த ஐரோப்பியக் கட்டுப்பாடும் 1991-இல் நீங்கியது.

புதிய எரிவாயு நிலையங்கள் கூட்டுச் சுழற்சி வகை. இதில் வாயு டர்பைனிலிருந்து 500 டிகிரிக்கு மேல் வெளியேறும் சூடான புகை கொதிகலனுக்குள் போய் நீராவி உண்டாக்கி, இரண்டாவது டர்பைனையும் சுழற்றும். அதனால் திறன் 50 சதவீதத்தை நெருங்கியது. பழைய நிலக்கரி நிலையங்களில் அது 36–38தான். கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் போதும், கந்தகம் நீக்கும் கருவிச் செலவும் இல்லை.

என் பார்வையில் முக்கியமானது ஒப்பந்தம்தான். விநியோக நிறுவனங்கள் புதிய எரிவாயு நிலையங்களிடம் 15 ஆண்டு மின்கொள்முதலுக்குக் கையெழுத்திட்டு, வேறு இடத்தில் வாங்க வழியற்ற வீட்டு நுகர்வோரின் கட்டணத்தில் செலவை ஏற்றின. அந்த உத்தரவாதத்தை நம்பி வங்கிகள் கடன் கொடுத்தன. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் வாயுவுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதால், இந்த நிலையங்கள், குறைந்த விலை கேட்பவருக்கே முதலில் வாய்ப்பு என்ற மின்சந்தையில் பூஜ்யத்தையொட்டி விலை கேட்டு நாள் முழுக்க ஓடின. நிலக்கரி நிலையங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடும் திட்டம் வந்தது. சுமார் 30,000 பேரின் வேலை அதில் அடக்கம்.