ஏசி, ஹீட்டர் இரண்டையும் மாற்ற மூன்று பேர் மூன்று அளவு சொல்கிறார்கள். யாரை நம்புவது?

உங்கள் கருவிகள் 16 ஆண்டு பழையவை, வீடு முழுவதற்கும் டக்ட் வழியாகக் காற்று போகும் அமைப்பு, ஒருவர் 3 டன், மற்றவர் 4, இன்னொருவர் 5 என்கிறார். எந்த நிறுவனக் கருவி நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த மூவரில் வீட்டை அளந்து பார்த்தவர் யார்? ஒருவரும் அளக்கவில்லை என்றால் நான்காவது ஆளைக் கூப்பிடுவதே சரி.

எங்கள் வீட்டுக் கருவியை மாற்றியபோது வந்த ஒருவர், வெளியே நிற்கும் பழைய பெட்டியில் ஒட்டியிருந்த விவரத்தைப் படித்துவிட்டு, "இதே அளவைப் போட்டுவிடலாம், வேண்டுமானால் ஒரு டன் கூட்டிக்கொள்ளலாம்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இன்னொருவர் ஜன்னல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று குறித்துக்கொண்டார், பரணில் ஏறி வெப்பக்காப்பின் தடிமனை அளந்தார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அவர் சொன்ன அளவு பழையதைவிடக் குறைவு. அவரிடமே வேலையைக் கொடுத்தேன்.

பெரிய கருவி வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் வம்பு. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன், ஏறக்குறைய 3.5 கிலோவாட். தேவைக்கு மிஞ்சிய கருவி அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரம், கருவிக்குள் குளிர்ந்திருக்கும் குழாய்ச் சுருளான காயிலில் நீராகப் படிந்து, துளிகளாகச் சேர்ந்து, வடிகுழாய் வழியே வெளியேறுவதற்குக் கருவி தொடர்ந்து ஓட வேண்டும். அதற்குள் கம்ப்ரசர் நின்றால் காயிலில் படிந்த நீர் மறுபடி காற்றிலேயே கலந்துவிடும். தெர்மோஸ்டாட் 23 டிகிரி காட்டும், உடம்போ பிசுபிசுக்கும். உடனே இன்னும் குறைத்து வைப்பீர்கள், குளிரில் நடுங்குவீர்கள், பிசுபிசுப்பு மட்டும் போகாது. அடிக்கடி நின்று நின்று ஓடுவதில் கம்ப்ரசரும் சீக்கிரம் தேயும். பழைய அளவே யாரோ ஊகித்துப் போட்டதாக இருக்கலாம். அதற்குப் பிறகு ஜன்னலை மாற்றியிருந்தாலோ பரணில் காப்பு சேர்த்திருந்தாலோ தேவை இன்னும் குறைந்திருக்கும். குளிரூட்டுவதற்கான கணக்கு வேறு, வெப்பமூட்டுவதற்கான கணக்கு வேறு. இரண்டையும் தனித்தனியாக, அறைவாரியாக எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது டக்ட். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும். டக்ட் குறுகலாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் மூச்சுத் திணறும். விசிறி இரைச்சலிடும், மின்சாரம் கூடும், ஓரத்து அறைக்குக் காற்றே போகாது. டக்ட்டில் காற்றழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை அது. பரண் வழியாகப் போகும் டக்ட்டில் இணைப்புகள் விட்டிருந்தால் நீங்கள் பணம் கொடுத்துக் குளிர வைக்கும் காற்று ஓட்டுக்கூரைக்கு அடியில்தான் போகிறது. சில வீடுகளில் புதிய கருவியைவிட இந்த ஓட்டைகளை அடைப்பதே அதிகப் பயன் தரும். விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

வெப்பத்துக்கு மறுபடி எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸா, ஹீட் பம்ப்பா? ஏசியைத் திருப்பி ஓட்டுவதுதான் ஹீட் பம்ப்: வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கடத்துகிறது. அதனால் மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். குளிர் ஏற ஏற அந்த விகிதம் இறங்கும். கடுங்குளிருக்கென்றே செய்த மாடல்கள் மைனஸ் 15 டிகிரிக்குக் கீழும் ஓடுகின்றன. எது மலிவு என்பது உங்கள் மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் சேர்ந்து முடிவு செய்வது. இரண்டு பில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

ஃபர்னஸ்தான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட வகை, புகையிலிருக்கும் வெப்பத்தையும் பிழிந்தெடுப்பதால் அதன் புகை பிளாஸ்டிக் குழாய் வழியே தனியாக வெளியேறும். பழைய ஃபர்னஸோடு வெந்நீர்க் கொதிகலனும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்திருந்தால் இப்போது கொதிகலன் மட்டும் அதில் மிஞ்சும். அந்தச் சிறு சூட்டுக்குப் புகைபோக்கி மிகப் பெரிது. புகை மேலே ஏறாமல் வீட்டுக்குள் திரும்பினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். விலைப்பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிப்பெட்டியை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் காயில் அதற்குப் பொருந்தாவிட்டால் சொல்லப்பட்ட திறன் கிடைக்காது. ஏசிக்குள் சுற்றிக் குளிரூட்டும் கேஸும் மாறிவிட்டது. ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22, 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ, கரியமில வாயுவைப்போல் 2,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது என்பதால் அதுவும் விடைபெறுகிறது. இப்போது வருபவை ஆர்-32, ஆர்-454பி. இவை லேசாகத் தீப்பற்றும் தன்மை உடையவை, பழைய கருவியில் நிரப்பக் கூடாதவை.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று: உங்கள் கருவி உண்மையிலேயே சாகும் நிலையில்தான் இருக்கிறதா? மோட்டாரைக் கிளப்பிவிடும் சிறு பாகமான கெப்பாசிட்டர் ஒன்று போனதற்கு மொத்தத்தையும் மாற்றச் சொல்கிற ஆட்கள் உண்டு. ஃபர்னஸில் புகையை வீட்டுக் காற்றோடு கலக்காமல் பிரித்து வைக்கும் வெப்பமாற்றியில் விரிசல் என்றால் மட்டும் பேச்சே கிடையாது, அதை அணைத்துவிட்டு உடனே மாற்றுங்கள்.

பொருத்தும் நாளில் கூடவே இருங்கள். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் குழாயின் உட்புறம் கருகிப் பொருக்கு உதிரும். பிறகு நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவுச் சோதனை, அதன்பின் வெற்றிட பம்ப்பால் குழாயினுள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்திய பிறகும் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்தல். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கடைசி வேலைதான். முடிந்ததும் டக்ட் அழுத்தம், கேஸின் அழுத்தம், காயிலுக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி, கருவியின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு சர்வீஸுக்கு வருகிறவருக்கு அந்த எண்கள் தேவைப்படும்.