ஆன்லைனில் வாங்கிய வார்ட்ரோபை உடையாமல் கழற்ற முடியுமா?

கேள்வி: மூன்று கதவு வார்ட்ரோப், ஆன்லைனில் வாங்கியது. பார்ட்டிகிள் போர்டு. கம்பெனி ஆள் வந்து மாட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். நாமே கழற்றி மறுபடி மாட்டலாமா, அப்படியே தூக்கிக்கொண்டு போவது நல்லதா?

கழற்றுங்கள். அப்படியே தூக்க விடாதீர்கள்.

சென்னையில் நான் முதல் தடவை வீடு மாறியபோது, சாமான் ஏற்ற வந்தவர்கள் "இதைப் போய் யாரு சார் கழட்டுவாங்க, முழுசாவே இறக்கிடலாம்" என்றார்கள். நானும் சரி என்றேன். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும்போது படித் திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்த்தார்கள். டொக் என்று ஒரு சத்தம். புது வீட்டில் நிறுத்திப் பார்த்தால், பக்கப் பலகையின் கீழ் மூலை துளையோடு பிய்ந்திருந்தது. உள்ளே அவலை அழுத்தி ஒட்டிய மாதிரி மரத்துகள், தொட்டால் உதிர்ந்தது. அந்த ஒரு பலகையை மட்டும் பிளைவுட்டில் வெட்டி மாற்றினேன். அதன் பிறகு இரண்டு வீடு மாறிவிட்டேன், இரண்டு தடவையும் நானும் தம்பியும்தான் கழற்றினோம். இன்றும் அதே வார்ட்ரோபில்தான் துணி இருக்கிறது.

காரணம் புரிந்தால் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்துகளைப் பிசினோடு கலந்து அழுத்திய பலகை. மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகவே தாங்கும். பலகையின் விளிம்பில் இருக்கும் துளைக்குப் பக்கவாட்டில் இழுவை வந்தால் தாங்காது. தேக்கில் ஒரு ஸ்க்ரூ ஆடினால் பக்கத்தில் இன்னொரு துளை போட்டுக்கொள்ளலாம். இதில் துளை போனால் அந்த மூட்டே போன மாதிரி. இப்படிக் கழற்றி மாட்டும் சாமான் வந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1956இல் ஸ்வீடனில் ஐகியா என்ற ஃபர்னிச்சர் நிறுவனத்தில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேசை காரில் ஏறவில்லை என்று அதன் கால்களைக் கழற்றினார், சாமானைப் பிரித்துத் தட்டையாக விற்கும் யோசனை அங்கிருந்துதான் வந்தது என்று அந்த நிறுவனமே சொல்லும். கடையிலிருந்து வீட்டுக்குத் தட்டையாகக் கொண்டுபோகப் பிறந்த யோசனை அது. வருடா வருடம் வாடகை வீடு மாறுகிற நாம்தான் துளைகளைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் கதவும் டிராயரும். டிராயரை முழுக்க வெளியே இழுத்தால் இரண்டு பக்கச் சேனலிலும் ஒரு சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் நாக்கு தெரியும். பெரும்பாலும் ஒரு பக்கம் மேலே தூக்க வேண்டும், மறு பக்கம் கீழே அழுத்த வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில். டிராயர் கையோடு வந்துவிடும், ஒரு ஸ்க்ரூகூட எடுக்க வேண்டாம். கதவிலும் அப்படித்தான். கீலின் கையில் பின்பக்கம் அழுத்தினால் விடுபடுகிற கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கையின் பின்பக்க ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தி வெளியே நகர்த்துங்கள். கதவில் பதிந்திருக்கும் வட்டக் கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். கீழ்க் கீலில் தொடங்கி மேல் கீலைக் கடைசியில் எடுங்கள், ஒருவர் கதவைப் பிடித்தபடியே இருக்கட்டும். கண்ணாடிக் கதவு என்றால் இரண்டு பேர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அப்புறம் அலமாரியைப் படுக்க வைக்க வேண்டும். சுவரோடு சேர்த்து எல்-கிளாம்ப் அடித்திருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஏழடி உயரச் சாமானைச் சாய்க்கும்போது அதன் மூலை கூரைப்பக்கம் எழும்பும். தரையில் ஜமுக்காளமோ பழைய மெத்தையோ விரித்து, முகம் கீழே இருக்கும்படி மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். நிற்கவைத்தபடி பின்பலகையை எடுக்கவே கூடாது. அந்த மெல்லிய ஹார்டுபோர்டுதான் முழுச் சட்டத்தையும் கோணாமல் பிடித்து வைத்திருக்கிறது. அது போனதும் நிற்கிற அலமாரி சீட்டுக்கட்டு வீடு போல ஒரு பக்கம் சாயும், எல்லா மூட்டுத் துளைகளும் ஒரே நேரத்தில் கிழியும்.

பின்பலகையில் ஆணி அடித்திருந்தால் வெளியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், விளிம்பு உடைந்துவிடும். படுக்க வைக்கும் முன்பே, பலகையை எடுக்காமல் ஆணியைத் தளர்த்த மட்டும், உள்ளே கையை விட்டு ஓரத்தை உள்ளங்கையால் வெளிப்பக்கம் தள்ளுங்கள். பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகரும், ஆணியும் கூடவே வரும். பலகையை மட்டும் திரும்ப அழுத்தினால் ஆணித் தலை தனியாக மேலே நிற்கும். படுக்க வைத்ததும் குறட்டால் ஒவ்வொன்றாக உருவிவிடலாம்.

இனிதான் முக்கியமான வேலை, மினிபிக்ஸ். இரண்டு பலகைகளை மூட்டில் இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பூட்டு அது. பலகையின் உள்பக்கம் பத்துப் பைசா அளவுக்கு வட்டமாக, நடுவில் கூட்டல் குறியோடு தெரிகிறதே, அதுதான். பலவற்றில் அதன் மேல் பிளாஸ்டிக் மூடியோ ஸ்டிக்கரோ இருக்கும், நகத்தால் எடுங்கள். வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அது மூட்டுப் பக்கம், அதாவது அடுத்த பலகையைப் பார்த்து நின்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இடப்பக்கமாக ஏறக்குறைய அரைச் சுற்று போதும், அதற்கு மேல் திருகாதீர்கள். இந்த வட்டம் துத்தநாகக் கலவையில் வார்த்தது, மென்மையானது. பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் வழுக்கி, கூட்டல் குறியே அழிந்துவிடும். டிரில் மெஷினை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள், கைதான் வேண்டும். இறுகி நின்றால் இன்னொருவரை இரண்டு பலகைகளையும் ஒன்றோடொன்று நெருக்கி அழுத்தச் சொல்லிவிட்டுத் திருகுங்கள். இழுவை குறைந்ததும் வெண்ணெய் மாதிரி திரும்பும்.

மினிபிக்ஸ் திறந்ததும் பலகையை நேராக, மூட்டின் திசையிலேயே இழுங்கள். உள்ளே மரக்குச்சிகளும் இருக்கும். ஆட்டி ஆட்டி எடுத்தால் குச்சி நெம்புகோல் ஆகித் துளையைப் பிளக்கும். ஒரு முனை வந்து மறு முனை வராவிட்டால், மூட்டை ஒட்டி ஒரு மரத்துண்டை வைத்து ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். இந்த முனை கொஞ்சம், அந்த முனை கொஞ்சம். அதற்கும் அசையவில்லையா? நிறுத்துங்கள். எங்கோ இன்னொரு ஸ்க்ரூ மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு மேல்பலகை வராமல் அரை மணி நேரம் போனது. கடைசியில் துணி மாட்டும் கம்பியின் பிடிக்குப் பின்னால் ஒரு மினிபிக்ஸ் இருந்தது. அன்று தம்பி "அண்ணா, இன்னும் கொஞ்சம் பலமா இழுக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றதால்தான் அந்தப் பலகை பிழைத்தது.

மாட்டியவர் ஏதாவது ஒரு மூட்டுக்கு ஃபெவிகால் ஊற்றியிருந்தால் அதைப் பிரிக்க முயல வேண்டாம். அந்த இரண்டு பலகைகளையும் ஒன்றாகவே கொண்டுபோங்கள்.

கழற்றக் கழற்ற ஒவ்வொரு பலகையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 'இடது பக்கம், மேல்' என்று எழுதுங்கள். ஸ்க்ரூக்களை மூட்டு வாரியாகத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எல்லாவற்றையும் உங்கள் கைப்பையில் வையுங்கள், லாரியில் வேண்டாம். பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும், மினிபிக்ஸ் வட்டம் கவ்விப் பிடிக்கிற ஆணிகளை நான் கழற்றுவதில்லை, ஒவ்வொரு முறை கழற்றி ஏற்றும்போதும் மரை தேயும். அவற்றின் மேல் தெர்மாகோல் பட்டையைக் குத்தி வைத்துப் போர்வையால் சுற்றினேன். லாரியில் பலகைகளை நீள விளிம்பில் நிறுத்திக் கயிறு கட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாறுவதென்றால் பிளாஸ்டிக் சுற்றாமல் ஏற்றாதீர்கள். தண்ணீர் குடித்து ஊதிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

மறுபடி மாட்டும்போது ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் டக் என்று இறங்கும். பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், அங்கிருந்து வலப்பக்கம் முறுக்குங்கள். எடுத்தவுடன் வலப்பக்கம் முறுக்கினால் புது மரை வெட்டி, பழையதும் கெட்டுப்போகும். ஏற்கெனவே தளர்ந்த துளையில் இரண்டு மூன்று பல்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து நுழைத்து, மட்டமாக வெட்டி, ஒரு இரவு காயவிட்ட பிறகு ஸ்க்ரூ ஏற்றுங்கள்.

பின்பலகைக்கு ஆணி அடிக்கும் முன் இன்ச் டேப்பை எடுத்துச் சட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வரும்வரை சட்டத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு அடித்தால், கதவுகள் இடைவெளி இல்லாமல் நேராகச் சாத்தும்.