பாட்டு டீச்சர் பதில்கள்: மெர்டேக்கா (சுதந்திர) மாதம்

நம் மலேசிய தேசிய கீதம் 'நெகாராகூ' கடன் வாங்கிய மெட்டு என்று மகன் யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்து கிண்டல் செய்கிறான். உண்மையா டீச்சர்?
– வாசகி, பட்டர்வொர்த்

உண்மைதான்மா. பேராக் மாநிலக் கீதத்தின் மெட்டு அது. இன்றும் பேராக்கில் அதே மெட்டில்தான் சுல்தானை வாழ்த்துகிறார்கள். 'தெராங் புலான்' என்று காதல் பாட்டாகவும் இந்தப் பக்கமெல்லாம் ஓடியது. மூலம் செய்ஷல்ஸ் தீவில் கேட்ட ஒரு பிரெஞ்சு மெட்டு என்பார்கள். பேராக் சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர் நாடு கடத்தியது அங்கேதான்.

மகனிடம் மீதிக் கதையையும் சொல்லுங்கள். தேசிய கீதத்துக்காக உலகம் முழுக்கப் போட்டி அறிவித்து 514 மெட்டுகள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் என்று பெரிய பெரிய இசையமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கியும் சரிப்படவில்லை. சுபிர் சைட் கொடுத்ததும் ஏற்கப்படவில்லை. பிறகு அவர்தான் சிங்கப்பூரின் கீதமான 'மாஜூலா சிங்காப்பூரா'வை இயற்றினார். கடைசியில் 1957 ஆகஸ்ட் 5ஆம் தேதி, பின்னாளில் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராக் மெட்டையே எடுத்துக்கொண்டது. அந்த மாதமே சுதந்திரம்!

என்னைக் கேட்டால், தப்பித்தோம். பினாங்குத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஊர் வாயில் புழங்கிய மெட்டு என்பதால் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: தாழ்ந்த சுருதியில் தொடங்கவேண்டும். இல்லையென்றால் 'ரஹ்மாட் பஹாகியா' வரும்போது பாதிப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது 'நெகாராகூ' வேகமாக இருந்ததாக நினைவு. பிரமையா?
– வாசகர், சுங்கை பட்டாணி

பிரமை இல்லை தம்பி. 1992இல் வேகத்தைக் கூட்டினார்கள், 2003இல் பழைய நடைக்கே திரும்பினார்கள். எனக்கு நிதானம்தான் பிடிக்கும்.

ஆகஸ்ட் 31 அன்று எங்கள் குடியிருப்பு விழாவில் பாரதியின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' பாட நினைத்தோம். அது இந்தியாவின் பாட்டு, இங்கே எதற்கு என்கிறார் கமிட்டியில் ஒருவர்.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பாட்டு முழுவதையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இந்தியா என்றோ பாரதம் என்றோ ஓரிடத்திலும் இல்லை. 'நாமிருக்கும் நாடு நமதென்ப தறிந்தோம்' என்றுதான் இருக்கிறது. நாம் இருக்கும் நாடு எது என்பதில் கமிட்டிக்குச் சந்தேகம் இருக்காது.

பாரதி 1921இலேயே போய்விட்டார். கிடைக்காத சுதந்திரத்தைக் கிடைத்துவிட்டதாகவே பாடி வைத்துவிட்டுப் போனார். 1947இல், விடுதலைக்கு முன்பே, 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் அதைப் பாடினார். ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது வானொலியிலும் அவர் குரலில் அதே பாட்டு.

'வெள்ளைப் பரங்கியைத் துரையென்ற காலமும் போச்சே' என்று ஒரு வரி வருமே, அது தோட்டத்தில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும். நிபோங் தெபால் பக்கம் எங்கள் அப்பா பால் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தில் மானேஜரைப் பெரிய துரை என்றுதான் சொல்வோம். துரைகள் கப்பலேறிய பிறகும் பெரிய கிராணியார் (தலைமை எழுத்தர்) இருந்தார். அவரைப் பற்றி பாரதி ஒன்றும் பாடவில்லை!

விழாவில் முதலில் 'நெகாராகூ', அப்புறம் பாரதி. தைரியமாகப் பாடுங்கள்.

எங்கள் பாட்டி 'ஜன கண மன' மெட்டில் வேறு வார்த்தைகள் போட்டுப் பாடுவார். தப்பாகப் பாடுகிறார் என்று சிரிப்போம். அப்படி ஒரு பாட்டு உண்டா?
– வாசகி, செந்தூல்

உண்டு. பாட்டியிடம் மன்னிப்புக் கேளுங்கள். 'சுப் சுக் செயின்' என்று தொடங்கும் அது, நேதாஜி 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அறிவித்த சுதந்திர இந்திய அரசாங்கத்தின் கீதம். தாகூரின் பாட்டைத் தழுவி இந்துஸ்தானியில் எழுதியது. நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். கோலாலம்பூரின் ஜானகி தேவர் அந்தப் படையில் முக்கிய அதிகாரியாக இருந்தார், பிறகு ம.இ.கா.வை (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியை) தொடங்கியவர்களில் ஒருவரானார். பாட்டி அதை எங்கே கற்றார் என்று உடனே கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

மகளுக்குப் பள்ளியில் தேசபக்திப் பாடல் போட்டி. 'தங்கால் 31' போதுமா, புதிதாக ஏதாவது எடுக்கலாமா?
– வாசகர், பாலேக் பூலாவ்

போதும். அகமட் சி.பி. இயற்றி சுடிர்மான் குரலில் ஊரெல்லாம் பரவிய பாட்டு. நாள், மாதம், ஆண்டு மூன்றும் பாட்டிலேயே இருப்பதால் சரித்திரப் பரீட்சைக்கும் உதவும்.