முதல் தண்ணீர் லூப்: நிரப்பும் முன் காலி செய்யும் வழியை யோசியுங்கள்

மேசைக் கணினிக்குத் தாங்களே தண்ணீர்க் குளிர்விப்பு அமைக்க விரும்பும் கடலூர், புதுச்சேரி நண்பர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்தில், கடற்காற்று படும் வீட்டில், ஆறு ஆண்டுகளாக என் கணினி தண்ணீரில்தான் ஓடுகிறது. லூப் என்பது தண்ணீர் சுற்றிவரும் பாதை: தொட்டியிலிருந்து பம்ப் தள்ளும் தண்ணீர், பிராசஸர், கார்டு மேல் உட்காரும் உலோகப் பிளாக்குகளில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றுக்கு விட்டுத் திரும்பும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணா, ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4080 கார்டு. எத்தனை ரேடியேட்டர் வேண்டும்?

முதலில் வெப்பத்தைக் கூட்டுங்கள் தம்பி. பிராசஸருக்கு 120 வாட், கார்டுக்கு 320 வாட், ஆக 440. ஃபேன் சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றும்போது, ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவுள்ள ரேடியேட்டர் பகுதி ஏறத்தாழ 100 வாட்டை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது தண்ணீர் அறைக் காற்றைவிட 10 டிகிரி அளவு சூடாக இருக்கும். ஆக, மூன்று ஃபேன் பிடிக்கும் ஒரு 360, இரண்டு ஃபேன் பிடிக்கும் ஒரு 240 போதும்.

வாங்கும் முன் அளவெடுங்கள். 360 என்பது மூன்று ஃபேன்களின் நீளம் மட்டுமே. இரு முனைத் தொட்டிகளையும் சேர்த்தால் ரேடியேட்டர் 400 மி.மீ.க்கு அருகில் வந்துவிடும். கனம் 30 மி.மீ., ஃபேன் 25 மி.மீ.; இரண்டும் சேர்ந்து 55. இந்த அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, கேபினெட்டின் மேற்பகுதியில் பிடித்துப் பாருங்கள். ரேம் இடிக்கிறதா, மதர்போர்டின் மின்கம்பி நுழையும் மூலை மறைகிறதா என்பது அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: கத்திரி வெயிலில் என் அறை 36 டிகிரி. தண்ணீர் போட்டால் குளுகுளுவென்று இருக்குமா?

இருக்காது. தண்ணீர் ஒருபோதும் அறைக் காற்றைவிடக் குளிராது. உங்கள் அறையில் அது 46 டிகிரிக்கு வரும். அதனால் கெடுதல் இல்லை. 60ஐ நெருங்கவிடக் கூடாது, பம்ப்புக்கு ஆகாது. தண்ணீரால் நமக்குக் கிடைக்கும் லாபம் கிராபிக்ஸ் கார்டின் சூடு நன்றாக இறங்குவதும், சத்தம் அடங்குவதும்தான். பிராசஸரை மட்டும் குளிர்விக்க வேண்டுமென்றால் நல்ல காற்றுக் கூலரே போதும். இவ்வளவு செலவு வேண்டாம்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து: தண்ணீர் முதலில் பிராசஸருக்கா, கார்டுக்கா?

எதற்குப் போனாலும் சரி. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும்போது 400 வாட் வெப்பம் தண்ணீரை 1.4 டிகிரிதான் ஏற்றும். டியூப் எந்த வழியில் குறைவாக வளைகிறதோ அந்த வழியில் விடுங்கள். மாற்றக் கூடாத விதி ஒன்றுதான்: பம்ப்புக்குத் தண்ணீர் தரும் தொட்டி அதற்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் ஒரு நிமிடம்கூட வறண்டு ஓடக் கூடாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பாதி விலையில் அலுமினிய ரேடியேட்டர் கிடைக்கிறது சார். வாங்கலாமா?

பிளாக் செம்பு என்றால் வாங்கவே வாங்காதீர்கள். என் முதல் லூப்பில் இந்தத் தவறுதான் நடந்தது. "எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரு கடையில் கொடுத்தார்கள், நானும் நம்பினேன். ஐந்தாம் மாதம் பிராசஸர் சூடு ஏறத் தொடங்கியது. பிளாக்கைத் திறந்தேன். செம்புத் தகட்டில் சீப்புப் பல்லைவிட நெருக்கமாக வரிவரியாகத் தடங்கள் இருக்கும்; அவற்றின் நடுவே சுண்ணாம்பைக் குழைத்து அப்பியதுபோல வெள்ளைப் பசை. பழைய பல்துலக்கியால் ஒரு மாலை முழுவதும் தேய்த்து பிளாக்கைக் காப்பாற்றினேன். ரேடியேட்டரைத் தூக்கி எறிந்தேன். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அங்கே ஒரு சிறு பேட்டரி உருவாகிறது. அலுமினியம் கரைந்துகொண்டே போகிறது. அரிப்புத் தடுப்பு மருந்து அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. செம்பு, பித்தளை, நிக்கல் முலாம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கலாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம், அதிலும் உப்பு மிச்சமிருக்கும். முதல் முறைக்குக் கலந்தே வரும் நிறமற்ற கூலன்ட் வாங்குங்கள். பால்போல் வெளுத்தும் மினுங்கியும் ஓடும் கூலன்ட் படத்துக்கு அழகு. ஆனால் அதன் துகள் அந்த நுண்ணிய தடங்களில்தான் படியும்.

லாஸ்பேட்டையிலிருந்து: கண்ணாடிபோல் வளைத்த கடின டியூப்தான் எனக்கு ஆசை.

ஆசை நியாயமானது. இரண்டாவது லூப்பில் செய்யுங்கள். முதல் லூப்பை நிச்சயம் மூன்று நான்கு முறை பிரிப்பீர்கள். மென்டியூப் என்றால் கத்தரிக்கோல் போதும். டியூப்பின் உள், வெளி அளவு இரண்டும் அதை மாட்டும் இணைப்பான ஃபிட்டிங்கோடு பொருந்த வேண்டும். 10/16 (உள் 10, வெளி 16 மி.மீ.) என்றால் இரண்டிலும் 10/16. லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி-ஃபிட்டிங், அதில் தண்ணீரை வடிக்க ஒரு சிறு வால்வு வையுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தச் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறார்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற, கனமான கேபினெட்டை வாளிமேல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

உப்பளத்திலிருந்து: கசிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மதர்போர்டு, கார்டு இரண்டுக்கும் போகும் மின்கம்பிகள் அனைத்தையும் கழற்றுங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் பம்ப் மட்டும் இருக்கட்டும். மதர்போர்டு இல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸை இயக்க 24 ஊசி ஜம்பர் பிளக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியை நிரப்பி, பம்ப்பைச் சில நொடிகள் ஓட்டி நிறுத்துங்கள். மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்புங்கள். காற்றுக் குமிழ் வெளியேறும்வரை கேபினெட்டை மெல்லச் சாய்த்துக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் டிஷ்யூ சுற்றி 24 மணி நேரம் ஓட விடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் டிஷ்யூ தானாகவே சற்று நமுத்துத்தான் இருக்கும், பதற வேண்டாம். கசிந்தால் ஓரிடத்தில் மட்டும் நனைந்த வட்டம் தெரியும். பெரும்பாலும் ஃபிட்டிங்கின் ரப்பர் ஓ-வளையம் புரண்டிருக்கும். கழற்றி, விரலால் நேராக்கி, கைமுறுக்கில் மாட்டினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளாக்கின் அக்ரிலிக் விரிசல் விடும்.

வண்டிப்பாளையத்திலிருந்து: கரன்ட் போனால்?

பம்ப்போடு கணினியும் நிற்கிறது; ஒன்றும் ஆகாது. கேபினெட்டை மட்டும் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் பக்கம் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்பது நினைவிருக்கும். நிரப்பிய கணினியை இருட்டில் ஒருவராகத் தூக்க முடியாது. நல்ல மேசையாகப் பார்த்து அதன் மேலேயே வையுங்கள்.